சாபம் என்னும் பூட்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேடையேறுவதற்கு முன் இந்த அறக்கட்டளையின் பத்திரத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். பழைய கல்வெட்டுகளோடு கொஞ்ச காலம் புழங்கியவனுக்கு வரும் புத்தி அது. வைப்புத்தொகை இவ்வளவு, அதன் வட்டியிலிருந்து ஆண்டுக்கொரு சொற்பொழிவு, பேச வருகிறவருக்கு வழிச்செலவும் ஒரு சால்வையும், கடைசியில் இரண்டு சாட்சிக் கையெழுத்து. எல்லாம் முறையாக இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் யாராவது இப்படியொரு கட்டளை வைத்திருந்தால் கடைசி வரியில் ஒரு சாபம் இருந்திருக்கும். இந்த முதலைக் கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தைச் சுமப்பான் என்ற மாதிரி. பொருளாளர் சிரிக்கிறார். நான் பொதுவாகத்தான் சொன்னேன்.

இன்றைய பேச்சுக்கான விதையைப் போட்டவர்கள், என்னை அழைக்க வந்த இரண்டு மாணவர்கள். அவர்கள் படிக்கிற நாவல்களிலும் கைப்பேசியில் ஆடுகிற ஆட்டங்களிலும் ஒரு பொருள் தவறாமல் வருமாம். ஒரு வாள், அல்லது ஒரு மோதிரம், அல்லது உடைந்த ஒரு கிரீடம். அதை எடுத்தவனுக்குப் பெரிய பலம் வரும், பின்னாலேயே அழிவும் வரும். "நம்ம பக்கம் அப்படி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்கள். இருக்கு, ஜெயங்கொண்டத்துல இறங்கி டவுன் பஸ் பிடிச்சா போயிடலாம் என்றேன். அவர்கள் நம்பவில்லை. அதனால் இந்த ஒரு மணி நேரம்.

முதலில் அயலூர்க் கதைகளைப் பார்த்துவிடுவோம். அவையும் முழுக்க அயலூர்க் கதைகள் அல்ல. ரஷ்யப் பேரரசர்களின் செங்கோல் உச்சியில் ஒரு வைரம் இருக்கிறது. 189 காரட்டுக்கு மேல். ஆர்லோவ் என்று பெயர். இன்று மாஸ்கோவில் கிரெம்ளின் கருவூலத்தில் இருக்கிறது. அதைப் பற்றி ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கும் கதை என்ன தெரியுமா? அது ஸ்ரீரங்கத்துச் சாமியின் கண்ணாம். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிப்போன ஒரு சிப்பாய், பக்தனாக வேடமிட்டுக் கோயிலுக்குள் பழகி, ஒரு ராத்திரி அதைப் பெயர்த்துக்கொண்டு போய்ச் சென்னையில் ஒரு கப்பல் தலைவனிடம் விற்றானாம். கை மாறி மாறிக் கடைசியில் ஆர்லோவ் பிரபு வாங்கிப் பேரரசி கேத்தரினுக்குக் கொடுத்தார் என்பது மட்டும் வரலாறு. அதற்கு முந்தைய பகுதிக்குக் கதைதான் சாட்சி. 1868-இல் வில்கி காலின்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 'தி மூன்ஸ்டோன்' என்ற நாவலை எழுதினார். இந்தியக் கோயிலிலிருந்து திருடிய வைரமும் அதைத் தொடரும் சாபமும்தான் கதை. ரஷ்யச் செங்கோலில் உள்ள கல்லும் கோகினூரும் தனக்குத் தூண்டுதல் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். இன்று அந்த மாணவர்களின் கைப்பேசியில் வரும் சபிக்கப்பட்ட பொருள்களுக்கு இது ஒரு கொள்ளுத்தாத்தா. சுற்றிவளைத்துப் பார்த்தால் இந்தப் பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்குத்தான் வந்து சேர்கிறது.

ஹோப் வைரத்தின் கதை இன்னும் வேடிக்கை. கோல்கொண்டாப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து தவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் கொண்டுபோய் 1668-இல் பதினான்காம் லூயிக்கு விற்ற நீலக்கல்லின் மிச்சம் அது. அதைத் தொட்டவர்கள் எல்லாரும் கெட்டார்கள் என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பத்திரிகைகளில். 1911-இல் அமெரிக்கச் சீமாட்டி ஒருவருக்கு அதை விற்ற கார்த்தியே நகைக்கடை, சாபக் கதையை மறைக்கவில்லை. கதையையும் சேர்த்துத்தான் விற்றது. துரதிர்ஷ்டம் என்று பிறர் சொல்லும் பொருள் தனக்கு அதிர்ஷ்டம் என்று அந்த அம்மையார் நம்பினார். நகைக்கடைக்காரருக்கு வேறு என்ன வேண்டும்? 1958-இல் அதை வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த ஹாரி வின்ஸ்டன் பதிவுத் தபாலில் அனுப்பினார். உலகத்தின் மிகக் கொடிய சாபம் பழுப்புத்தாளில் சுற்றி, தபால் கட்டணம் கட்டிப் போயிருக்கிறது.

இந்தக் கதைகளில் சாபம் பொருளுக்குள் குடியிருக்கிறது. உள்ளே ஊறிய விஷம் போல. எடுத்தவன் யார், எதற்கு எடுத்தான் என்று அது பார்ப்பதில்லை. இன்னொன்று, அது விலையைக் குறைப்பதில்லை, ஏற்றுகிறது. சபிக்கப்பட்ட பொருளை வாங்க ஆள் வரிசையில் நிற்கும்.

நம் ஊர்ச் சாபம் வேறு ஜாதி. அது பொருளுக்குள் இல்லை, பொருளுக்கு வெளியே, சுவரில், எல்லாரும் பார்க்கும்படி வெட்டியிருக்கும். கல்வெட்டு படிப்பவர்கள் அதை ஓம்படைக்கிளவி என்பார்கள். ஒரு நிலமோ, விளக்கெரிக்கத் தொண்ணூறு ஆடோ, பொற்காசோ கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, சந்திர சூரியர் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்று எழுதி, அதற்குக் கீழே வரும் வரி. கங்கைக்கும் குமரிக்கும் நடுவே இருப்பவர்கள் செய்த பாவம் மொத்தமும் இதைக் கெடுத்தவன் தலையில் விழட்டும் என்று சில இடத்தில். அறுபதாயிரம் ஆண்டு மலப்புழுவாய்ப் பிறப்பான் என்று வடமொழியில் சில இடத்தில். பிற்காலத்தில் போகப்போகச் சாபம் வண்டை வண்டையாக இறங்கும். படித்துக் காட்டினால் இந்த அவையில் பாதிப்பேர் எழுந்துபோய்விடுவீர்கள்.

யாரைப் பார்த்து அந்தச் சாபம் சொல்லப்பட்டது என்று யோசித்திருக்கிறீர்களா? ராத்திரி கன்னம் வைக்கும் திருடனையா? அவன் எந்த வெளிச்சத்தில் கல்வெட்டைப் படிக்கப்போகிறான்? அது எழுத்தறிந்தவனுக்கு எழுதியது. நாளைக்கு வரப்போகும் அரசன், வரி விதிக்கும் அதிகாரி, சபையில் உட்காருகிறவன், பண்டாரத்துச் சாவி வைத்திருக்கிறவன், கணக்கு எழுதுகிறவன். எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாத ஆட்கள் இவர்கள்தான். அவர்களைக் கட்ட வேறு கயிறு இல்லாதபோது போட்ட கயிறு அது. பத்திரத்தின் ஒரு ஷரத்து என்றே சொல்லலாம்.

அதோடு சாபம் தனியாக வராது. பக்கத்திலேயே ஒரு வணக்கமும் வரும். இந்த அறத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல் என்று. எழுதுகிறவன் பெரிய அரசனாகக்கூட இருப்பான். முந்நூறு ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் ஊர்பேர் தெரியாத ஒருவனின் காலைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறான். சாபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மலைப்பாக இருக்கிறது. பல கல்வெட்டுகள் இது பன்மாகேசுவரர் ரட்சை என்று முடியும். பன்மாகேசுவரர் என்றால் சிவனடியார் கூட்டம். காவல் யாருடையது என்பதைச் சந்தேகமில்லாமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: ஆட்களுடையது. சாபம் அந்த ஆட்கள் கையில் இருந்த கோல்.

சோழர் மேல் பெருமை உள்ளவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். நானும்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால் நவகிரகம் செதுக்கிய ஒரு கல்லைக் காட்டுவார்கள். தாமரை வடிவம், தேர்ச்சக்கரம், நடுவே சூரியன். சாளுக்கிய நாட்டு வேலைப்பாடு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கலிங்கத்து வேலையும் உண்டு. சற்றுத் தள்ளி மேலக்கடம்பூரில் காளைமேல் ஆடும் பத்துக்கைச் சிவன், வங்கத்துப் பாலர் காலச் செப்புத்திருமேனி. இவையெல்லாம் தாமாக நடந்து வந்தவையா? ராசேந்திரனின் மகன் ராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தைக் கொளுத்தி அங்கிருந்து ஒரு துவாரபாலகரைத் தூக்கிவந்து, அந்தச் சிலையின் பீடத்திலேயே கொண்டுவந்தேன் என்று எழுதியும் வைத்தான். இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் அந்தச் சிலையைப் பார்க்கலாம். கலியாணபுரத்துக்காரர்களும் தங்கள் கோயிலில் சாபம் எழுதித்தான் வைத்திருப்பார்கள். வாள் வலுத்த இடத்தில் அது செல்லவில்லை.

பிறகு நம் முறை வந்தது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். நீங்கள் அணைக்கரை என்று சொல்லும் இடம். அதற்குக் கருங்கல் வேண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துத் திருச்சுற்று மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எழுத்துள்ள கற்களும் அதில் இருந்திருக்கும், சாபமுள்ள கற்களும். அணை நின்றது, பாசனம் ஓடியது, வயல் விளைந்தது. அந்தச் சோற்றைத் தின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். அந்தச் சாபம் யார் தலையில் விழுந்தது என்று யாராவது கணக்குப் பார்த்தால் நாமும் பங்குதாரர்.

பெரம்பலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளும் முன் அவர்கள் பக்கத்துச் சிறுவாச்சூருக்கு, கண்ணகி வழியாக, வந்துவிடுகிறேன். தமிழில் நாசம் விளைவித்த பொருள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் சொல்வது கண்ணகியின் சிலம்பு. ஆனால் சிலம்புக்குள் மாணிக்கம்தான் இருந்தது, சாபம் இல்லை. தட்டான் பொய் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, கோவலன் வெட்டுப்பட்டான். அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள். அரசன் ஒரு வாரம் பொறுத்து விசாரித்திருந்தால் அது காற்சிலம்பாகவே இருந்திருக்கும். மதுரையை எரித்த ஆவேசத்தோடு வந்தவள் சிறுவாச்சூரில் அடங்கி மதுரகாளியானாள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. இன்னொரு கதையும் சேர்த்துச் சொல்வார்கள். அங்கே முதலில் இருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் தன் மந்திரக்கட்டால் அவளை அடிமையாக்கி ஏவல் வேலை வாங்கிக்கொண்டிருந்தான். ராத்தங்க இடம் கேட்டு வந்த காளி அவனை ஒழித்தாள். செல்லியம்மன் இடத்தை இவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள். கோயில் திங்களும் வெள்ளியும் திறப்பது அதனால்தான் என்பார்கள். சாமியையே கட்டிப்போட்டு வேலை வாங்கலாம் என்று நினைத்த ஒருவனின் கதை, நான் அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்துக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெரியசாமி மலைக்காட்டில் இருந்த பெரிய பெரிய சாமி உருவங்களை 2021-இல் உடைத்துப் போட்டார்கள். உங்களில் பலர் போய்ப் பார்த்து அழுதிருப்பீர்கள்.

இனி ஸ்ரீபுரந்தான்.

அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் பக்கம், கொள்ளிடத்துக்கு அருகில் உள்ள ஊர். சிவன் கோயிலுக்குப் பெயர் பிரகதீசுவரர். தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் உள்ள அதே பெயர், உருவம் மட்டும் சின்னது. உள்ளே சோழர் காலத்து நடராசர், நான்கடிக்கு மேல் உயரம், சிவகாமி, பிள்ளையார், இன்னும் சில செப்புத்திருமேனிகள். காலப்போக்கில் பூசை சுருங்கிப்போன கோயில். 1994-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து இந்தத் திருமேனிகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் யாரும் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்தே இதைச் செய்து வருகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். கோயில் கோயிலாகப் போய், சாமியை நேராக நிறுத்தி, ஒரு படம்.

2006 வாக்கில் திருடர்கள் வந்தார்கள். நடராசர் போனார், சிவகாமி போனார், பிள்ளையார் போனார், எட்டுத் திருமேனிகள். ஊருக்குத் தெரியவில்லை. 2008-இல் பக்கத்துச் சுத்தமல்லியில் வரதராசப் பெருமாள் கோயிலை உடைத்து ஏறத்தாழ இருபது திருமேனிகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஸ்ரீபுரந்தான் சாமிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று போனபோதுதான், மாற்றுவதற்கு உள்ளே எதுவும் இல்லை என்று தெரிந்தது. இதில் ஒரு வேடிக்கை. படம் எடுத்தபோது அந்த ஊர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனியாகி, 2002-இல் மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. திருச்சி மாவட்டத்தில் படம் பிடிக்கப்பட்ட சாமி பெரம்பலூர் மாவட்டத்தில் திருடு போய், அரியலூர் மாவட்டத்தில் காணாமல் போனதாகத் தெரிய வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. பொறுப்பு மட்டும் அலைந்துகொண்டிருந்தது.

இரண்டு ஆண்டு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். பாழடைந்த கோயிலைப் பற்றி நம் பக்கத்தில் சொல்வது உங்களுக்கே தெரியும். உள்ளே நாகம் இருக்கு, கதண்டு கட்டியிருக்கு, ராத்திரி சலங்கைச் சத்தம் கேக்குது, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதே. இதெல்லாம் சாபத்தின் தேய்ந்த வடிவங்கள்தான். அவை யாரைத் தடுத்தன? விளக்குப் போடப் போகிறவளைத் தடுத்தன. தேங்காய் உடைக்கப் போகிறவனைத் தடுத்தன. திருடனை ஒரு அடிகூடப் பின்வாங்க வைக்கவில்லை. சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழி தெரியாத திருடன் தமிழ்நாட்டில் கிடையாது. அவனும் அதே ஊர்ப்பாட்டிகளிடம் வளர்ந்தவன்தான். அச்சம் ஊராரை வெளியே நிறுத்தியது, உள்ளே இடம் காலியாக இருந்தது. என் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

மிச்சக் கதை நாவல்களை மிஞ்சும். நியூயார்க்கில் மேடிசன் அவென்யூவில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் என்ற வியாபாரி. இங்கிருந்து போகும்போது சாமிகளுக்கு வெறும் கைவினைப் பொருள் என்று பெயர். புதிதாக வார்த்த பொம்மைகளோடு கலந்து, கப்பலேற்றினால் கேட்பாரில்லை. அங்கே இறங்கியதும் சோழர் கலைச்செல்வம் என்று பெயர். பிள்ளையாரை 2006-இல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகம் 2,45,000 டாலருக்கு வாங்கியது. சிவகாமியை 2007-இல் சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 6,50,000 டாலருக்கு. நடராசரை 2008 பிப்ரவரியில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 51 லட்சம் அமெரிக்க டாலருக்கு. அன்றைய மதிப்பில் இருபது கோடி ரூபாய். அம்மையும் அப்பனும் பிள்ளையும் மூன்று கண்டங்களில்.

வாங்கியவர்கள் விசாரிக்காமல் வாங்கவில்லை. அதுதான் கொடுமை. கபூர் ஒரு கதை கொடுத்தார். இந்த நடராசர் 1970-இல் டெல்லியில் ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி வாங்கியது, பிறகு அவர் குடும்பத்தில் இருந்தது என்று. 1972-இல் இந்தியாவில் தொல்பொருள் சட்டம் வந்தது. அதற்கு முன்பே வெளியே போய்விட்டதாகக் காட்ட வேண்டும், அதற்காகத்தான் 1970. காணாமல் போன கலைப்பொருள்களின் பன்னாட்டுப் பதிவேட்டிலும் தேடிப் பார்த்தார்கள். அதில் இல்லை. எப்படி இருக்கும்? ஊருக்கே அப்போது தெரியாது. நாகத்துக்கும் கதண்டுக்கும் பயந்து உள்ளே போகாமல் இருந்த நம்முடைய அந்த மௌனம், கான்பெராவில் நற்சான்றிதழாகப் போய் நின்றது.

சாமியைக் காட்டிக்கொடுத்தது சாபமில்லை, புகைப்படம். புதுச்சேரியில் இருந்த 1994-ஆம் ஆண்டுப் படத்தையும் கான்பெராவின் படத்தையும் பக்கத்தில் வைத்தார்கள். வார்ப்புச் செப்புத்திருமேனி ஒவ்வொன்றும் தனித்தனி மெழுகுக்கருவில் பிறப்பது. வார்த்த பின் அச்சை உடைத்துவிடுவார்கள். ஆகவே ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. திருவாசித் தீச்சுடரின் வளைவு, பட்டுப்போன ஒரு முனை, பீடத்தின் ஒரு தேய்வு, எல்லாம் நம் கைரேகை மாதிரி. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சிலைகளைத் தேடித் திரிந்த எஸ். விஜயகுமார் போன்றவர்கள் இணையத்திலும் ஏலப் பட்டியல்களிலும் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு ஒருபுறம், அமெரிக்கப் புலனாய்வாளர்கள் ஒருபுறம். கபூரை 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் விமான நிலையத்தில் பிடித்தார்கள். 2012 ஜூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சுத்தமல்லிச் சிலைகள் தொடர்பாக உடையார்பாளையத்தில் பதிவான வழக்கில் 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது.

பார்த்தீர்களா, சிவன் சொத்து விடவில்லை என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். சொல்லட்டும், எனக்கும் அந்தச் சந்தோஷம் உண்டு. ஆனால் கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே பதினோரு ஆண்டு. அந்தப் பதினோரு ஆண்டும் சாட்சி கூட்டி, கோப்பு சுமந்து, கடல் கடந்து கடிதம் எழுதிய குமாஸ்தாக்கள், காவலர்கள், ஆய்வாளர்கள் பெயரையெல்லாம் அழித்துவிட்டுச் சாபத்துக்குப் பதக்கம் குத்துவது நியாயமாகப் படவில்லை.

சாமியே வழக்குப் போட்ட கதை ஒன்றும் இதற்கு முன்னால் உண்டு. கீழத்தஞ்சைப் பக்கம் பத்தூர். 1976-இல் ஒரு கூலித்தொழிலாளி மண் வெட்டும்போது கிடைத்த நடராசர், லண்டன்வரை போய், 1982-இல் ஒரு கனடா நாட்டு நிறுவனத்தின் கையில் விழுந்தார். பழுதுபார்க்க லண்டனில் இருந்தபோது போலீசு பிடித்தது. வழக்கில் உரிமை கோரியவர்களில் ஒருவர், பத்தூர் விசுவநாதர் கோயிலின் சிவலிங்கம். சாமி மேல் இருந்த மண்ணும் கரையான் ஏறிய தடமும் சாட்சி சொன்னது. 1991-இல் மேல்முறையீட்டிலும் வென்று அதே ஆண்டு ஊர் திரும்பினார். கரையான் சாட்சி சொன்ன வழக்கு வேறெங்காவது உண்டா தெரியவில்லை, எனக்குப் பிடித்த வழக்கு அது.

ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014 செப்டம்பர் 5 அன்று டெல்லியில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் கையால் நம் பிரதமரிடம் ஒப்படைக்கப்பட்டார். கூடவே விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் சிட்னியிலிருந்து வந்தார். சிவகாமியும் பிள்ளையாரும் அடுத்தடுத்துத் திரும்பினார்கள். இதே மாவட்டத்துப் பொட்டவெளி வெள்ளூர்ப் பெருமாள் கோயிலில் 2012-இல் திருடுபோன அனுமார்கூட, ஏலத்தில் போய் ஆஸ்திரேலியாவில் ஒருவர் வீட்டில் இருந்து, 2022-இல் மீட்கப்பட்டார்.

திரும்பி எங்கே வந்தார்கள் என்று கேளுங்கள். கும்பகோணம் நீதிமன்றத்துக்கு. அங்கிருந்து நாகேசுவரன் கோயிலில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு. சனங்கள் ஐகான் சென்டர் என்கிறார்கள். நடராசர் வழக்கில் சான்றுப்பொருள். கான்பெராவில் மின்விளக்கு வெளிச்சத்தில் தினமும் நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பக்தி இல்லாவிட்டாலும். பாதுகாப்பு மையத்தில் பூட்டு நல்ல பூட்டு, கம்பி நல்ல கம்பி. ஊருக்கு அனுப்பினால் காவல் யார் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். சாபம் போய்ச் சாவி வந்திருக்கிறது, பன்மாகேசுவரர் இன்னும் வரவில்லை.

உற்சவத் திருமேனிகளின் பீடத்தை யாராவது கவனித்திருக்கிறீர்களா? பக்கவாட்டில் வளையமோ துளையோ இருக்கும். கயிறு கோத்துக் கழியில் கட்டித் தூக்குவதற்கு. கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள், நடக்க முடியாதவர்கள், வயல் வேலையை விட்டு வர முடியாதவர்கள் இருக்கும் தெருவுக்குச் சாமி தானே போவதற்காக ஸ்தபதி வைத்த துளை அது. அருங்காட்சியகத்துப் பட்டியலில் அதை ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், வேறு வேலை அதற்கு அங்கே இல்லை. பாதுகாப்பு மையத்திலும் இல்லை.

அழைக்க வந்த அந்த இரண்டு மாணவர்களும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். தம்பிகளா, உங்கள் ஊர்க் கோயிலில் செப்புத்திருமேனி இருந்தால் குருக்களிடம் கேட்டு, எல்லாப் பக்கமும் தெரியப் படம் எடுங்கள். பீடத்தையும் முதுகையும் எடுங்கள், முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பிறகு மார்கழித் திருவாதிரைக்கு ஒருமுறை ஸ்ரீபுரந்தான் போய்ப் பாருங்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் போக, அந்தக் கழிக்குத் தோள் கொடுக்க ஊரில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிவந்து எனக்குச் சொல்லுங்கள்.